அட்டிகை போட்ட மாப்பிள்ளை

ஜேடர்பாளையம்,
ஆடி இருபத்தொன்று.

என் சாமிக்கு அம்மா எழுதுவது.

இங்கே நாங்கள் நலம். நீ நலமில்லை என்று நீயே எழுதிவிட்டதால், உன் நலமறிய ஆவல் என்று ஒரு வரியை வீணாக்கப் போவதில்லை. பதினெட்டுக்குக் காவிரிக்கு வந்த கூட்டமெல்லாம் ஊர் திரும்பிய மறுநாள் உன் கடிதம் வந்து சேர்ந்தது. இரண்டு நாளாகக் காய்ச்சல், இடது காதுக்குக் கீழே வலி, கன்னம் வீங்குகிறது, பல்லா கட்டியா தெரியவில்லை; அறையில் கூட இருக்கும் சிநேகிதன் பொன்னுக்கு வீங்கி என்கிறான்; கல்யாண வயதில் ஆம்பிளைக்கு அது வந்தால் பிள்ளை பிறக்காதாம்; மாமா பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்க எனக்கு மனசில்லை, ஆவணிக் கல்யாணத்தை நிறுத்திவிடுங்கள். இவ்வளவுதான் உன் கடிதம். ஒரு தபால் அட்டையில் நோயையும் கண்டுபிடித்து, அதன் பலனையும் சொல்லி, கல்யாணத்தையும் நிறுத்திவிட்டாய். வாழப்பாடிப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீ பாடம் நடத்தும் வேகம் இதுதானா என்று எனக்குத் தெரியவில்லை. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்த அட்டையை நான் உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். காய்ச்சல் என்றதும் முகம் சுண்டியது. பொன்னுக்கு வீங்கி என்றதும் சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணில் தண்ணீர் வந்து தோள் துண்டால் துடைத்துக்கொண்டும் நிறுத்தவில்லை. "பெத்த புள்ளைக்கு ஒடம்பு சரியில்லீங்கிறேன், உங்களுக்குச் சிரிப்பு வருதுங்களா?" என்று கேட்டேன். "இல்லாத போனா என்ன பண்ணச் சொல்றே? அப்பன் மாதிரியே கல்யாணம் வாரப்ப பாத்து மூஞ்சி வீங்கியிருக்கான்" என்றார். அவர் இப்படிச் சொன்ன பிறகுதான், இருபத்தாறு வருஷமாக இந்த வீட்டில் இருக்கும் ஒரு விஷயத்தை உன்னிடம் மட்டும் சொல்லாமலே வைத்திருக்கிறோம் என்பது எனக்கு உறைத்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கும். படுத்துக்கொண்டே படி, நீ இப்போது படுத்துக் கிடக்க வேண்டியவன்.

நம் வீட்டு நிலைக்கு மேல் தொங்கும் எங்கள் கல்யாணப் படத்தைச் சின்ன வயதில் நீ எத்தனை தரம் பார்த்துச் சிரித்திருப்பாய்! "இந்தக் குண்டு மாமா யாருங்கம்மா?" என்று கேட்பாய். உன் அப்பாதான் என்றால் நம்ப மாட்டாய். "அப்புறம் எதுக்கு அப்பா கழுத்துல பொம்பளைங்க அட்டிகை போட்டிருக்காங்க?" என்று அடுத்த கேள்வி வரும். அது அந்தக் கால மோஸ்தர் என்று உன் அப்பா சொல்லி வைத்தார். நானும் தலையாட்டினேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். எங்கள் கல்யாணத்துக்கு மட்டும் பொய் கல்யாணத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. அந்தப் படத்தில் இருப்பது குண்டு மாமாவும் இல்லை, மோஸ்தரும் இல்லை. அது பொன்னுக்கு வீங்கி.

எனக்கு அப்போது பதினாறு வயது. சேந்தமங்கலத்தில் எங்கள் வீட்டு வாசலில்தான் பந்தல். மாப்பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை. காவிரிக்கரை ஊர், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற குடும்பம், பையன் ஒல்லி, நல்ல உழைப்பாளி என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். மணவறையில் ஓரக்கண்ணால் பார்த்தேன். ஒல்லி என்று சொன்ன ஆளுக்கு மூஞ்சி மட்டும் பரங்கிக்காய் அளவு இருந்தது. அதுவும் இடது பக்கம் மட்டும். தலையில் கட்டும் உருமாலைத் துணியின் முனையை இழுத்து இடது காதை மூடிவிட்டிருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். எங்கள் பக்கத்துச் சனமோ கொஞ்சமும் சந்தேகப்படவில்லை. கொடிக்கால்காரர் வீட்டு மாப்பிள்ளை கன்னம் உப்பியிருந்தால் என்ன நினைப்பார்கள்? வெற்றிலை அடக்கியிருக்கிறார் என்றுதான். "தாலி கட்டற நேரத்துலயாவது துப்பீட்டு வரக்கூடாதா?" என்று என் அம்மா முணுமுணுத்தது எனக்கே கேட்டது. மாப்பிள்ளைக்கும் கேட்டிருக்கும். பாவம், அவர் வாயில் ஒரு பாக்குத்தூள் கூட இல்லை.

காலையில் சவரம் செய்த நாவிதர் ஒருவர்தான் அதைக் கண்டுபிடித்தவர். "சாமி, கன்னம் சுடுதுங்க, தாடை எலும்பே கைக்குத் தட்டுப்பட மாட்டீங்குது" என்றாராம். என் மாமியார் அவர் வாயை அடைத்துவிட்டார்: "பல்லு வலிங்க, கெராம்பு வெச்சிருக்குது, நீங்க வேலையைப் பாருங்க." பந்தல் போட்டு, பந்துக்களெல்லாம் வண்டி கட்டி வந்து இறங்கிய பிறகு மாப்பிள்ளைக்கு நோய் என்று எந்தத் தாய் வாயைத் திறப்பாள்? அன்றைக்கு அவரைத் திட்டினேன். இன்றைக்கு நானே ஆவணிக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கையில் அவர் மேல் கோபம் வரவில்லை.

தாலி கட்டியாயிற்று. பந்தியில் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பருப்புச் சோறு வரைக்கும் மெல்ல மெல்ல விழுங்கினார். ரசம் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தாரோ இல்லையோ, கையை உதறிக்கொண்டு காதைப் பிடித்தார். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். எலுமிச்சங்காய் ஊறுகாயை இலை ஓரத்தில் பார்த்ததற்கே முகத்தைச் சுளித்தார். எங்கள் வீட்டு ரசத்தைக் குறை சொல்கிறார் என்று என் பெரியப்பா எழுந்தே நின்றுவிட்டார். சம்பந்திச் சண்டைக்கு இதைவிடச் சின்னக் காரணமே போதும். அப்போதுதான் நான் திரும்பி அவரை நேராகப் பார்த்தேன். உருமாலை முனை நழுவியிருந்தது. காது மடலின் கீழ்நுனி மேலே தூக்கி வெளியே தள்ளி நின்றது. எனக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணு. ஏனென்றால் அதே காதை, அதே வீக்கத்தை, அதே புளிப்புக்கு அழுத அழுகையை முந்தின வருஷம்தான் என் தம்பியிடம் பார்த்திருந்தேன். அதுதான் உன் மாமன், இப்போது நீ வேண்டாம் என்கிற பெண்ணின் அப்பன். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவனிடமிருந்து எனக்கும் தொற்றி, இருவரும் ஒரே பாயில் கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்தோம்.

கல்யாணப் பெண் வாய் திறக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் பெரியப்பா இலையை மடிக்கப் போகிறார், என் மாமியார் மூக்கு சிவக்கிறது, இவர் வலியில் துடிக்கிறார். "பெரீப்பா, இது ரசத்துக் குத்தமில்லீங்க, வெத்தலையும் இல்லீங்க. இவருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்திருக்குதுங்க" என்று பந்தி முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டேன். சொன்னதோடு விட்டேனா? தம்பிக்கு வந்தபோது என் அம்மா அவன் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிட்டது நினைவில் இருந்தது. பொன் போட்டால் வீக்கம் வடியும் என்பதுதானே நம் பக்கத்து நம்பிக்கை? என் கழுத்தில் இருந்த அட்டிகையைக் கழற்றி, எச்சில் கையோடு அவர் கழுத்தில் மாட்டிவிட்டேன். பெரியப்பாதான் முதலில் சிரித்தார். "பொண்ணுக்கு மாப்பிள்ளை நகை போடற சனத்துல, மாப்பிள்ளைக்குப் பொண்ணு நகை போட்டுது பாருங்கடா!" என்றார். அதற்குள் நாமக்கல்லிலிருந்து படமெடுப்பவர் வந்துவிட்டார். அட்டிகையைக் கழற்றினால் நோய் ஏறும் என்று ஒருவரும் கழற்ற விடவில்லை. நிலைக்கு மேல் தொங்குவது அந்தப் படம்தான்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் உனக்கு வந்திருப்பது அதுதானா என்று பார். கண்ணாடி முன்னால் நின்று பார்த்துப் பிரயோசனமில்லை. அந்தச் சிநேகிதனை உனக்குப் பின்னால் நிற்க வைத்து, இரண்டு காது மடலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல். வீங்கிய பக்கத்து மடல் தூக்கிக்கொண்டு நிற்கும். தாடை எலும்பின் மூலையை விரலால் தடவிப் பார். நாவிதர் சொன்ன மாதிரி எலும்பே தட்டுப்படாமல் மெத்தென்று இருந்தால் அதுவேதான். பல் வீக்கம் என்றால் கன்னத்தில் கீழே இருக்கும், ஈறு சிவக்கும், ஒரு பல்லைத் தட்டினால் உயிர் போகும். கழுத்துக் கட்டி என்றால் எலும்புக்குக் கீழே உருண்டையாக நகரும். இது அப்படியில்லை. காதுக்கு முன்னும் கீழும் பின்னும் சூழ்ந்துகொண்டு, தோல் சிவக்காமல், இழுத்துக் கட்டியது போல இருக்கும். அதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே காய்ச்சல், தலைவலி, உடம்பு முறுக்கு, சோறு பிடிக்காமல் போவது எல்லாம் வந்திருக்கும். கடைசிச் சோதனை உன் அப்பாவுடையது: ஒரு புளியங்காயை நாக்கில் வைத்துப் பார். காதடியில் ஊசி குத்தினால் சந்தேகமே வேண்டாம். இரண்டு மூன்று வாரத்துக்கு முன் உன் வகுப்பில் எந்தப் பையனாவது கன்னம் உப்பி வந்திருந்தானா என்று யோசித்துப் பார். அவன்தான் வாத்தியாருக்குக் கொடுத்த புண்ணியவான்.

ஒரு பக்கம் வீங்கினால் இரண்டு மூன்று நாளில் மறுபக்கமும் வீங்கலாம். பயப்படாதே. உன் அப்பாவுக்கு மூன்றாம் நாள் மறுகன்னமும் கூடிக்கொண்டது. அதன் பிறகு அழகாகவே இருந்தார். நான் உண்மையைச் சொல்கிறேன், அந்த முகத்தோடுதான் எனக்கு முதல் பழக்கம். வீக்கமெல்லாம் வடிந்து, படுக்கை விட்டு எழுந்த பின் ஒரு நாள், ஒட்டிய கன்னத்தோடு ஒரு ஆள் கொடிக்காலிலிருந்து உள்ளே நுழைந்தபோது, யாரோ அசலூர்க்காரர் என்று எழுந்து முந்தானையைச் சரி செய்தேன். "ஏனுங்க, யாரு வேணுமுங்க?" என்று கேட்டுவிட்டேன். இன்றைக்கும் கோபம் வந்தால் அதைச் சொல்லித்தான் என்னைக் குத்துகிறார்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் வாரம் சேந்தமங்கலத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் பாதிப் பேர் கன்னம் வீங்கிக் கிடந்தார்கள். மாப்பிள்ளை வைத்த சீர் என்று ஊரே சிரித்தது. சிரிப்பாக இருந்தாலும் அது எங்கள் தப்பு. வீக்கம் தெரிவதற்கு முன்னாலேயே இது தொற்ற ஆரம்பிக்கும், தெரிந்த பிறகு ஐந்தாறு நாளாவது தொற்றும் என்று பின்னால் டாக்டர் சொன்னார். அதனால் வீக்கம் வடிகிறவரை பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதே. உன் தம்ளரில் இன்னொருவர் குடிக்க வேண்டாம். சிநேகிதனுக்குச் சின்ன வயதில் வரவில்லையென்றால் வேறு இடம் பார்த்துப் படுக்கச் சொல்.

இனி எழுதப் போவதை எழுதாதே என்று உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே மூன்றாம் தரமாகச் சொல்லிவிட்டார். "தாயி மகனுக்கு எழுதற சமாச்சாரமா அது?" என்கிறார். சரி, நீங்கள் எழுதுங்கள் என்று பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

நான் செய்த ஒரு தப்பு இருக்கிறது. அவருக்கு ஆறாம் நாள் காய்ச்சல் விட்டிருந்தது. எழுந்திருக்கவே மனமில்லாமல் கிடந்தார். புது மருமகள் நான், வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க ஊட்டுல சின்னப் பையனே அஞ்சு நாள்ல எந்திரிச்சு ஓடுனானுங்க" என்று கேலி செய்தேன். ரோஷத்தில் எழுந்து போய், நாள் முழுக்க ஏணியில் ஏறிக் கொடி கட்டிவிட்டு வந்தார். மறுநாள் குளிர் காய்ச்சல் திரும்பியது. கூடவே ஒரு பக்கத்து விரை வீங்கிவிட்டது. வெட்கத்தில் இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. நடக்க முடியாமல் போன பிறகுதான் தெரிந்தது. வண்டியில் வைக்கோல் மேல் படுக்க வைத்து நாமக்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வழி முழுக்க நான் அழுதேன். அவரோ பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம், ஐந்து நாளில் எழுந்து ஓடிய என் தம்பி பெயரைச் சொல்லித் திட்டினார். ஏணியில் ஏறியதுதான் காரணம் என்று இல்லை, பெரிய ஆம்பிளைகளில் சிலருக்கு இது இப்படி இறங்கும், ஆனால் காய்ச்சல் விட்டவுடன் வேலைக்கு ஓடினது தப்பு என்றார் டாக்டர். படுத்தே இருக்கச் சொன்னார், கோவணத்தால் தாங்கிக் கட்டி ஈரத்துணி போடச் சொன்னார். பிள்ளை பிறக்குமா என்று என் மாமியார் வாசலில் நின்று கேட்டார். "பெரும்பாலும் ஒரு பக்கந்தான் வரும், இவருக்கும் ஒரு பக்கந்தான். ஒரு பக்கம் போதும், போங்கம்மா" என்றார். உனக்கும் அங்கே வலி வந்தால் வெட்கப்படாதே, அன்றைக்கே டாக்டரிடம் போ. தலைவலி தாங்க முடியாமல் வாந்தியும் வந்து கழுத்தை வளைக்க முடியாவிட்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதே. மற்றபடி கஞ்சி குடி, புளிப்பைத் தொடாதே, தூங்கு. தானாகப் போய்விடும்.

டாக்டர் போதும் என்றாரே தவிர, நான்கு வருஷம் என் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. கல்யாணத்தில் அத்தனை பேரும் பார்த்த நோயை அத்தனை பேரும் மறந்துபோனார்கள். குறை என் மேல் என்று முடிவாகிவிட்டது. உறவில் ஒரு சீர் விசேஷத்தில் நாலு பேர் கூடியிருந்தபோது, வேறொரு பெண் இருக்கிறது, பார்க்கலாமே என்று யாரோ பேச்செடுத்தார்கள். நான் தண்ணீர்ச் செம்போடு அங்கேயே நின்றேன். உன் அப்பா அதிகம் பேசாதவர் என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு எழுந்து நின்றார். "பொன்னுக்கு வீங்கி வந்தது எனக்குங்க. இறங்குனதும் எனக்குத்தான். கொறைன்னு ஒண்ணு இருந்தா அது எங்கிட்ட இருக்கோணும். பாக்கறதுன்னா அவளுக்கு வேற மாப்பிள்ளை பாருங்க" என்றார். எந்த ஆம்பிளை சபையில் அப்படிச் சொல்லுவான்? என் மாமியார் வாயில் அடித்துக்கொண்டு அழுதார். பேச்செடுத்தவர் செருப்பைத் தேடினார். எனக்கு அந்த இடத்திலேயே அவர் காலில் விழ வேண்டும் போல இருந்தது. விழவில்லை, செம்பை அவர் கையில் கொடுத்தேன், குடித்தார். அடுத்த ஆடிப்பெருக்குக்கு நீ என் வயிற்றில் இருந்தாய். மூன்று வருஷம் கழித்து உன் தங்கை.

பொன்னுக்கு வீங்கி வந்தவனுக்குப் பிள்ளை பிறக்காது என்று எழுதினாயே, அதை எழுதிய கை யாருடையது? பொன்னுக்கு வீங்கி வந்தவரின் பிள்ளையுடைய கை. அப்பனுக்கு இந்த நோய் வந்தால் மகன் பிறக்கவே மாட்டான் என்று மகனே வந்து சாட்சி சொல்வது உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது நடந்திருக்குமா?

ஆனாலும் உனக்கு எதுவும் ஆகாது என்று எழுதிக் கொடுக்க நான் தெய்வமில்லை. அந்தப் பெண்ணிடம் மறைக்கக் கூடாது என்று நீ நினைத்தாயே, அது மட்டும் உன் கடிதத்தில் எனக்குப் பிடித்தது. என் மாமியார் மறைத்ததை நான் மறைக்கப் போவதில்லை. நேற்றுக் காலை மோட்டாரில் சேந்தமங்கலம் போய், உன் அட்டையை என் தம்பி முன்னாலேயே அவள் கையில் கொடுத்தேன். என் கதையையும் ஒளிக்காமல் சொன்னேன், நான்கு வருஷத்தையும் சேர்த்து. முடிவு உன்னுடையது அம்மிணி, வேண்டாமென்றால் அத்தைக்கு வருத்தமில்லை என்றேன். பொய்தான், வருத்தம் நிறைய இருந்திருக்கும். அவள் அட்டையை இரண்டு தரம் படித்தாள். "அத்தை, எனக்குன்னு வெச்சிருக்கிற அட்டிகை அதுதானுங்களா, மாமா போட்டிருந்தது?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்படீன்னா அதை அவருக்குக் குடுத்து உடுங்க. மொகம் வடியற வரைக்கும் போட்டிருக்கட்டும். ஆனா அது எம்பட அட்டிகை. ஆவணியில அவரே வந்து அவரு கையால எங்கழுத்துல போடோணும்னு சொல்லீருங்க" என்றாள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவது உன் அப்பா. ஒரு தரம் வந்தவருக்கு இனி வராது, அதனால் பயமில்லாமல் உன்னோடு பத்து நாள் இருப்பார். கஞ்சி வைக்கத் தெரியும். அவர் மடியில் மஞ்சள் துணியில் சுற்றி அட்டிகை இருக்கிறது. பொன்னால் நோய் போகாது என்பது டாக்டர் சொல்லி எனக்கும் தெரியும். இருந்தாலும் போட்டுக்கொள். பிறத்தியார் நகை சாமி அது, திருப்பிக் கொடுக்காமல் இருக்க முடியாது.

உன் அம்மா.